கதை அவருடையது, தீவு கம்பெனியுடையது!

"குரங்குத் தீவின் ரகசியம்" என்று ஒரு கதைக்குப் பெயர் வைத்தார் ஒருவர். ஆனால் அந்த ரகசியம் என்ன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. அன்று கேட்ட சிறுவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். 1990-ல் பிறந்த கேள்விக்கு 2022-ல்தான் விடை வந்தது. 32 ஆண்டுகள்!

இது நாவல் அல்ல, சினிமாவும் அல்ல. கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டு. சொன்னவர் ரான் கில்பர்ட் என்ற அமெரிக்கர். அவர் ஏன் இத்தனை காலம் சொல்லாமல் இருந்தார்? சொல்ல மனமில்லாமல் அல்ல. கதை அவர் மண்டையில் இருந்தது. தீவோ கம்பெனியின் சொத்தாக இருந்தது!

சுடாமல், ஓடாமல் ஓர் ஆட்டம்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்கு 'டப் டப்' என்று சுடுவதும், கார் ஓட்டுவதும்தான் நினைவுக்கு வரும். இது அந்த ரகம் அல்ல. திரையின் மேற்பாதியில் ஒரு படம் இருக்கும். துறைமுகம், சாராயக்கடை, சுடுகாடு என்று ஏதோ ஓர் இடம். கீழே சில சொற்கள்: கொடு, எடு, பார், திற, மூடு, தள்ளு, இழு, பேசு, பயன்படுத்து. மொத்தம் ஒன்பது வினைச்சொற்கள்தான். கையில் இருக்கும் 'மவுஸ்' என்ற கருவியால் முதலில் ஒரு சொல்லைத் தொட வேண்டும், பிறகு படத்தில் உள்ள ஒரு பொருளைத் தொட வேண்டும். "வாளியை எடு", "கதவைத் திற", "சமையல்காரனோடு பேசு" என்று வாக்கியம் அமையும். கதாநாயகன் அப்படியே செய்வான். கைவேகம் வேண்டாம், பொறுமையும் கொஞ்சம் குறும்பு புத்தியும் இருந்தால் போதும்.

இத்தகைய ஆட்டங்களை எழுதுவதற்கென்றே 'ஸ்கம்' என்று ஒரு மொழியை 1987-ல் கில்பர்ட்டும் அவருடைய சகாவும் உண்டாக்கினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படமெடுத்த ஜார்ஜ் லூகாஸின் கம்பெனியில், விளையாட்டுப் பிரிவில், அவர் அப்போது சம்பளக்காரர். பிற்பாடு குரங்குத் தீவுக் கதையில் வரும் சாராயக்கடைக்கு 'ஸ்கம் பார்' என்றே பெயர் வைத்துவிட்டார். தொழிலாளி தன் கருவியின் பெயரைக் கடைப்பலகையில் எழுதி மாட்டியது போல!

அந்நாளில் போட்டிக் கம்பெனி ஒன்றின் ஆட்டங்கள் சக்கைப்போடு போட்டன. ஆனால் அவற்றில் ஓர் அடி தவறி வைத்தால் மரணம். பாலத்தில் ஓரமாய் நடந்தால் மரணம். தெரியாத பழத்தைத் தின்றால் மரணம். மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். கில்பர்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. ஆடுகிறவரை அடித்து அடித்துப் பாடம் சொல்வது நல்ல ஆட்டமல்ல என்று 1989-ல் ஒரு கட்டுரையே எழுதினார். தம்முடைய கதாநாயகன் சாகமாட்டான் என்று முடிவு கட்டினார். "தண்ணீருக்குள் பத்து நிமிஷம் மூச்சடக்க என்னால் முடியும்" என்று அவன் பெருமை அடித்துக்கொள்வான். அதைச் சோதித்துப் பார்க்கிற பொறுமைசாலிக்கு மட்டும், பத்து நிமிஷம் ஆனதும் ஆள் நிஜமாகவே காலி!

பெயர் வந்த கதை

கதாநாயகன் பெயர் கைப்ரஷ் திரீப்வுட். தமிழர் காதுக்கு ஏதோ வெள்ளையடிக்கும் பிரஷ் போலக் கேட்கும். உண்மைக் காரணமும் அதற்கு வெகு தூரம் இல்லை. வெகுநாள் வரை அவனுக்குப் பெயரே கிடைக்கவில்லை. 'ஆள்' என்று பொருள்படும் 'கை' என்ற ஆங்கிலச் சொல்லாலேயே அவனைக் குறிப்பிட்டு வந்தார்கள். படம் வரையும் கம்ப்யூட்டர் சாதனத்தில் அந்த உருவத்தைச் சேமித்தபோது கோப்பின் பெயரோடு 'பிரஷ்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. பெயர் தேடி அலைந்தவர்கள் அதையே வைத்துவிட்டார்கள். ஆபீசில் கோப்பு எண்ணே ஆளின் பெயராகிவிடுவது உண்டல்லவா!

இந்தக் கைப்ரஷுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை: பெரிய கடற்கொள்ளைக்காரன் ஆக வேண்டும். தகுதி என்று பார்த்தால் பூஜ்யம். கொள்ளையர் உலகத்தில் கத்திச் சண்டையை வெல்வது கத்தியால் அல்ல, வாயால். எதிரி ஒரு வசை சொன்னால் அதற்குச் சுடச்சுட எதிர்வசை சொல்ல வேண்டும். நம் ஊர் எசப்பாட்டு மாதிரி. பதில் தெரியாதவன் பின்வாங்க வேண்டியதுதான். தோற்றுத் தோற்றுத்தான் புதுப்புது வசைகளைக் கற்றுக்கொள்ள முடியும்.

முதல் பாகம் 1990-ல் வந்தது. கில்பர்ட்டோடு சேர்ந்து எழுதியவர்கள் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் என்ற இரண்டு இளைஞர்கள். லெசக் என்ற பேய்க் கொள்ளைக்காரன், அவன் காதலிக்கும் கவர்னர் எலைன் மார்லி, குறுக்கே வந்து விழும் கைப்ரஷ். முக்கோணக் காதல்! ஆனால் அவனால் காப்பாற்றப்படக் காத்திருக்கிற அப்பாவிப் பெண் அல்ல எலைன். இவன் திண்டாடிக்கொண்டிருக்கும்போது அவள் தன் காரியத்தைத் தானே முடித்திருப்பாள்.

முதல் பாகம் எப்படி விற்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன்பே இரண்டாம் பாகத்துக்கு உட்கார்ந்துவிட்டார் கில்பர்ட். 'குரங்குத் தீவு 2: லெசக்கின் பழி' 1991 டிசம்பரில் வெளிவந்தது. இன்றும் இந்த ரகத்தில் மிகச் சிறந்தது எது என்று பேச்சு வந்தால் பலர் கை நீட்டுவது இதை நோக்கித்தான்.

சலவைக்கடைச் சீட்டு

இரண்டாம் பாகம் தொடங்கும்போது கைப்ரஷ் ஒரு பள்ளத்தின் மேல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு கையில் கயிறு, மறு கையில் புதையல் பெட்டி. பக்கத்துக் கயிற்றில் எலைன். "இந்த நிலைக்கு எப்படி வந்தாய்?" என்று அவள் கேட்க, அவன் கதை சொல்லத் தொடங்குகிறான். முதல் பாகத்தில் லெசக்கை ஒழித்த பெருமையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, கேட்பவர்களுக்கெல்லாம் அலுத்துப்போயிருக்கிறது. ஒரு தாடி வேறு வளர்த்துக்கொண்டிருக்கிறான்.

உடைந்த கப்பல்களையே வீடுகளாக்கிய உட்டிக் என்ற ஊர். அங்கே லார்கோ என்ற குள்ள ரவுடி எல்லோரிடமும் மாமூல் வசூலிக்கிறான். அவன் அனுமதி இல்லாமல் எந்தக் கப்பலும் தீவை விட்டுப் போக முடியாது. கைப்ரஷிடம் இருந்த பணத்தையும் முதல் சந்திப்பிலேயே பறித்துக்கொள்கிறான். என்ன செய்வது? சதுப்பு நிலத்தில் குடியிருக்கும் மாந்திரீகப் பெண்மணி வழி சொல்கிறாள். லார்கோவுக்குச் சூனியப் பொம்மை செய்யலாம். அதற்கு நான்கு பொருள் வேண்டும்: அவன் தலையிலிருந்து ஒன்று, உடம்பிலிருந்து ஒன்று, உடுத்தியதில் ஒன்று, அவன் முன்னோர் எலும்பில் ஒன்று.

இங்கேதான் இந்த ஆட்டத்தின் ருசி. உடுத்திய துணி எப்படிக் கிடைக்கும்? சதுப்பில் ஒரு வாளி சேற்றை அள்ளு. லார்கோ தங்கியிருக்கும் விடுதி அறைக்கதவின் மேல் அதை வை. அவன் கதவைத் திறந்ததும் தலைமேல் சேறு! அழுக்குத் துணி சலவைக்கடைக்குப் போகும். சலவைக்காரரோ சீட்டு இல்லாமல் துணி தரமாட்டார். சீட்டு எங்கே? அறை முழுவதும் தேடினாலும் கிடைக்காது. அறைக்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்தினால், கதவின் பின்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்! நம் வீடுகளில் சட்டை மாட்டுகிற இடம். ஆனால் ஆடுகிறவருக்கு அது தோன்றுவதற்குள் இரவு இரண்டு மணி ஆகிவிடும். சீட்டைக் கொடுத்துத் துணியை வாங்கினால், வருவது பெண்கள் அணியும் உள்ளாடை. ரவுடி லார்கோவின் ரகசியம் அது!

இன்னொரு தீவில் எச்சில் துப்பும் போட்டி நடக்கிறது. நம் ஸ்டேஷன்களில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதி வைத்தும் பலன் இல்லை. அங்கே துப்புகிறவனுக்குப் பரிசு! நேர்மையாகத் துப்பினால் ஜெயிக்க முடியாது. ஊதுகொம்பை ஊதி எல்லோர் கவனத்தையும் வேறு பக்கம் திருப்பிவிட்டு, தூரத்தைக் குறிக்கும் கொடிகளை நகர்த்தி வைக்க வேண்டும். இரண்டு நிறப் பானங்களைக் கலந்து குடித்து எச்சிலைக் கெட்டியாக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து வீசும் நேரம் பார்க்க வேண்டும். ஒலிம்பிக் பந்தயத்துக்குக்கூட இவ்வளவு தயாரிப்பு இருக்காது.

குரங்கு ஸ்பானர்

ஆட்டத்தில் ஓர் இடம் மட்டும் உலகப் பிரசித்தம் என்பதைவிட உலக அபகீர்த்தி பெற்றது என்று சொல்லலாம். ஓர் அருவியின் தண்ணீரை நிறுத்த வேண்டும். மேலே ஒரு குழாய்த் திருகு. கையால் திருக முடியாது, கருவி வேண்டும். தேடித் தேடி ஆடுகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

விடை இதுதான். வேறொரு தீவின் சாராயக்கடையில் ஒரு குரங்கு பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில், தாளம் காட்ட இப்படியும் அப்படியும் ஆடும் கருவி ஒன்று இருக்கிறது. அந்தக் கருவியின் முள்ளில் ஒரு வாழைப்பழத்தை மாட்டினால், குரங்கு பழத்தையே பார்த்துப் பார்த்து மயங்கி விறைத்துவிடும். விறைத்த குரங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, அதைக் கொண்டு திருகைத் திருக வேண்டும்!

ஏன் குரங்கு? அமெரிக்காவில் ஒருவகைத் திருகு ஸ்பானருக்கு 'மங்கி ரெஞ்ச்', அதாவது 'குரங்கு ஸ்பானர்' என்று பெயர். அந்தச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை. அமெரிக்கனுக்கே உடனே பொறி தட்டாது. அந்தச் சொல் புழக்கத்தில் இல்லாத இங்கிலாந்துக்காரருக்கும், ஜெர்மன்காரருக்கும், பிரெஞ்சுக்காரருக்கும் எப்படி விளங்கும்? சிலேடை கப்பல் ஏறினால் பாதிவழியில் செத்துப்போகும் என்பது மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இது நியாயமான புதிர் அல்ல என்பதைக் கில்பர்ட்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இப்படிச் சிக்கிக்கொள்வோருக்காகவே 'எளிய ஆட்டம்' என்று தனியே ஒன்றையும் வைத்திருந்தார்கள். அது பத்திரிகை விமர்சகர்களுக்காக என்று பெட்டியின் மேல் கேலியாக அச்சிட்டிருந்தார்கள். குறும்பு அதோடு நிற்கவில்லை. அன்று கம்பெனிக்குப் போன் செய்து, காசு கட்டி, துப்புக் கேட்கும் வசதி இருந்தது. கதையின் கடைசியில் நடுக்காட்டில் ஒரு டெலிபோன் இருக்கும். கைப்ரஷ் அதை எடுத்து, தன்னை உருவாக்கிய அதே கம்பெனியின் துப்பு இலாகாவைக் கூப்பிட்டு வம்பளப்பான்!

பின்னால் வந்த ஆர்மோனியம்

இந்த இரண்டாம் பாகத்துக்காகவே மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்கானல் என்ற இசைக்காரர்கள் ஒரு புதுமை செய்தார்கள். அதுவரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால், ஓடிக்கொண்டிருந்த பாட்டு டக்கென்று அறுந்து புதுப் பாட்டு தொடங்கும். இவர்கள் அமைத்த முறையில் பாட்டு அறுவதில்லை. உட்டிக் ஊர்த் தெருவில் நடக்கும்போது ஒரு மெட்டு. கைப்ரஷ் ஒரு கதவுக்குள் நுழைந்தால் அதே மெட்டில் வேறு வாத்தியம் வந்து சேர்ந்துகொள்ளும். வெளியே வந்தால் அழகாகத் தாளம் தப்பாமல் விலகிக்கொள்ளும். பழைய நாடகக் கம்பெனியில் நடிகரின் காலையே பார்த்துக்கொண்டு ஆர்மோனியக்காரர் பின்தொடர்வாரே, அந்த வேலையை ஓர் இயந்திரத்தைச் செய்ய வைத்தார்கள்! பின்னணிப் படங்களையும் அசல் ஓவியங்களாகக் காகிதத்தில் தீட்டி, பிறகு கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்கள்.

அத்தனையும் அன்று பிளாப்பி என்ற சதுரத் தட்டுகளில்தான் விற்பனை ஆயிற்று. 'அமிகா' கம்ப்யூட்டரில் ஆட 11 தட்டுகள். நாலு அடி நடந்தால் "அடுத்த தட்டைப் போடு" என்று கேட்கும். திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க ஒரு காகிதச் சக்கரமும் பெட்டியில் இருந்தது. அதைச் சுற்றிக் குறியீடு சொன்னால்தான் ஆட்டம் திறக்கும். கொள்ளைக்காரனுக்கும் திருட்டு நகல் எடுப்பவனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். கொள்ளைக்காரர் கதையைக் கொள்ளையடிக்க விடாமல் காக்க வேண்டியிருந்தது!

நடுவில் நின்ற கதை

புதையலைத் தேடிப் போன கைப்ரஷ் கடைசியில் பூமிக்கடியில் ஒரு சுரங்கத்துக்குள் விழுகிறான். பிணமாய் எழுந்து வந்த லெசக் அங்கே அவனைத் துரத்துகிறான். கைப்ரஷ் அவனுக்கும் ஒரு சூனியப் பொம்மை செய்து காலைப் பிய்க்கிறான். கீழே விழுந்த லெசக், "நான் உன் அண்ணன்" என்கிறான். முகமூடியைக் கழற்றுகிறான். அடுத்த காட்சியில் இரண்டு பேரும் சிறு பையன்கள்! எதிரே அப்பாவும் அம்மாவும். "எங்கே போய்த் தொலைந்தீர்கள்?" என்று திட்டு. சுற்றிலும் ராட்டினம், விளக்கு, கூட்டம். இடம் ஒரு கேளிக்கைப் பூங்கா. அப்படியானால் கொள்ளைக்காரர், தீவு, புதையல், எல்லாம் பையன்களின் விளையாட்டுத்தானா? கடைசியில் மூத்தவனுடைய கண்கள் மட்டும் ஒரு நொடி பேய்போல் மின்னுகின்றன.

அவ்வளவுதான், முற்றும். ஆடியவர்கள் திகைத்துப்போனார்கள். சிலர் கொதித்தார்கள். மூன்றாம் பாகத்தில் விளக்கம் வரும் என்று காத்திருந்தார்கள்.

ஆனால் 1992-ல் கில்பர்ட் வேலையை விட்டார். குழந்தைகளுக்கான விளையாட்டுகள் செய்யச் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். போகும்போது மேஜையிலிருந்த பேனா பென்சிலை எடுத்துக்கொண்டு போகலாம். கைப்ரஷை எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஆபீசில் குறிப்பு எழுதுவது குமாஸ்தா, கையெழுத்து அதிகாரியுடையது, கோப்பு இலாகாவுக்குச் சொந்தம். இது நமக்குப் பழகிய சங்கதி. கதை எழுதுவதிலும் இதே சட்டம்தான். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக உண்டாக்கியது முதலாளிக்கே சொந்தம் என்கிறது அமெரிக்கச் சட்டம். இந்தியாவிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஏறக்குறைய அதையே சொல்கிறது. நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் போட்டவர் கம்பெனிக்காரர். நஷ்டம் வந்திருந்தால் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனாலும் பெற்றவர் ஒருவர், வளர்ப்பவர் இன்னொருவர் என்றால் மனசு கேட்குமா?

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1997-ல் வேறு ஆட்களை வைத்து மூன்றாம் பாகம், 2000-ல் நான்காம் பாகம். 2009-ல் இன்னொரு கம்பெனி உரிமை வாங்கி ஐந்தாவதையும் செய்தது. மூன்றாம் பாகத்தை எழுதியவர்கள் பாவம், அந்தப் பூங்கா முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டிய நிலை. எல்லாம் லெசக் போட்ட மந்திரம் என்று சொல்லி ஒருவாறு சமாளித்தார்கள். கைப்ரஷுக்கும் எலைனுக்கும் கல்யாணமும் செய்துவைத்தார்கள். மோசமில்லை, மூன்றாம் பாகம் நன்றாகவே இருந்தது. ஆனால் ரகசியம் தெரிந்த ஆள் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

வட்டம் சுற்றிய விதி

கில்பர்ட்டுக்கு இந்தக் கதை எங்கிருந்து தோன்றியது தெரியுமா? கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்து பூங்காவில் 1967 முதல் ஒரு படகுச் சவாரி உண்டு. 'கரீபியக் கடற்கொள்ளையர்' என்று பெயர். இருட்டில் படகு மெதுவாகப் போகும். இரு கரையிலும் பொம்மைக் கொள்ளைக்காரர்கள் குடிப்பார்கள், பாடுவார்கள், ஊரைக் கொளுத்துவார்கள். அந்தப் படகிலிருந்து இறங்கி, அந்தப் பொம்மை ஊருக்குள் நடந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கமே குரங்குத் தீவின் விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். டிம் பவர்ஸ் 1987-ல் எழுதிய ஒரு கடற்கொள்ளை நாவலும் அவருக்குத் தூண்டுதல். அந்த நாவலின் உரிமையையும் பிற்பாடு டிஸ்னி வாங்கி, 2011-ல் வந்த சினிமா ஒன்றுக்குப் பயன்படுத்தியது.

2012-ல் லூகாஸின் கம்பெனி முழுவதையும் டிஸ்னி வாங்கியது. விலை 405 கோடி டாலர்! 'ஸ்டார் வார்ஸ்' என்ற யானையை வாங்கியபோது அதன் முதுகில் உட்கார்ந்திருந்த குரங்கும் சேர்ந்து வந்துவிட்டது. ஆக, டிஸ்னியின் பொம்மைப் படகில் பிறந்து, ஒரு கேளிக்கைப் பூங்காவில் வந்து நின்ற கதை, கடைசியில் டிஸ்னிக்கே சொத்தாயிற்று. கற்பனையில் இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

2013 ஏப்ரலில் அந்த விளையாட்டுப் பிரிவின் தயாரிப்பு வேலையை டிஸ்னி மூடிவிட்டது. அதே மாதம் கில்பர்ட், தான் மீண்டும் ஒரு குரங்குத் தீவு செய்தால் எப்படிச் செய்வேன் என்று பட்டியல் போட்டு எழுதினார். அது இரண்டாம் பாகத்தின் தொடர்ச்சியாகவே இருக்கும், படங்கள் பழைய புள்ளிப்படங்களாகவே இருக்கும், பெயர் '3அ' என்று இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக உரிமை தன் கையில் இருந்தால்தான் செய்வேன் என்றார். அதாவது நடுவில் வந்த மூன்று பாகங்களும் கணக்கில் இல்லை! 2016-ல் டிஸ்னியை நோக்கிப் பகிரங்கமாகவே கேட்டார்: என் பழைய கதைகளை எனக்கே விலைக்குக் கொடுங்கள், உண்மையான பணமே தருகிறேன் என்று. தன் வீட்டையே விலைக்குக் கேட்கிற நிலை. டிஸ்னி விற்கவில்லை.

முட்டாள் தினத்தில் ஓர் உண்மை

2022 ஏப்ரல் முதல் தேதி, உலகமே ஒருவரை ஒருவர் ஏமாற்றும் தினத்தில், கில்பர்ட் ஓர் அறிவிப்பு எழுதினார். தான் புதிய குரங்குத் தீவு விளையாட்டுச் செய்ய முடிவு செய்திருப்பதாக! 18 ஆண்டுகளாகத் தான் முட்டாள் தினக் கேலியே செய்ததில்லை என்றும் அதிலேயே குறிப்பிட்டிருந்தார். யாரும் நம்பவில்லை. மூன்று நாள் கழித்து உண்மை வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளாக ரகசியமாக வேலை நடந்து, ஆட்டம் ஏறக்குறைய தயாராகவே இருந்தது. கூட எழுதியவர் அதே பழைய டேவ் கிராஸ்மன். இசைக்கு அதே லாண்ட், அதே மெக்கானல். 1997 முதல் கைப்ரஷுக்குக் குரல் கொடுத்துவரும் டொமினிக் அர்மாட்டோவும் வந்து சேர்ந்தார். உரிமை மட்டும் இப்போதும் கில்பர்ட்டுடையது அல்ல. ஒரு வெளியீட்டுக் கம்பெனி இடையில் நின்று பேசி, சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கித் தந்திருந்தது.

உரிமை இல்லாமல் தொடமாட்டேன் என்றவர் தொட்டுவிட்டார். அது சரியா, தவறா? தொடாமல் இருந்திருந்தால் கொள்கை நின்றிருக்கும், கதை முடியாமலே போயிருக்கும். 1964-ல் பிறந்தவர் அவர். எத்தனை காலம் காத்திருக்க முடியும்? அவர் செய்ததுதான் சரி.

இன்னொன்றும் செய்தார். '3அ' என்று பெயர் வைக்கவில்லை. 'குரங்குத் தீவுக்குத் திரும்புதல்' என்றே வைத்தார். தான் இல்லாதபோது மற்றவர்கள் எழுதியதை அழித்துவிட்டுத் தொடங்க அவருக்கு வழி இருந்தது. செய்யவில்லை. மற்றவர்கள் செய்துவைத்த கல்யாணத்தை ஏற்றுக்கொண்டார். எலைன் இந்தக் கதையில் கைப்ரஷின் மனைவி. 1997-ல் வேறு எழுத்தாளர்கள் படைத்த 'மர்ரி' என்ற பேசும் மண்டையோட்டுக்கும் இடம் கொடுத்தார்.

ஆனால் ரசிகர்கள் சிலருக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ரெக்ஸ் குரோல் என்ற ஓவியர் தீட்டிய புதிய பாணிப் படங்கள், காகிதத்தை வெட்டி ஒட்டியது போல, அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பழைய புள்ளிப்படங்கள் எங்கே என்று கேட்டார்கள். 1990-ல் நாங்கள் பழமைக்காக அப்படி வரையவில்லை, அன்று கிடைத்த கருவியில் மிக நல்லதைப் பயன்படுத்தினோம், அவ்வளவுதான் என்றார் கில்பர்ட். கேட்பவர் யார்? கேள்வி வசையாக மாறியது. கத்திச் சண்டையில் வசையை ஓர் அழகாக்கிக் காட்டிய மனிதருக்கு, அழகே இல்லாத வசைகள் வந்து குவிந்தன. 2022 ஜூனில், இனி இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை என்று அவர் நிறுத்திக்கொண்டார். 30 ஆண்டுகள் காத்திருந்தவருக்கு வெளியீட்டுக்கு முந்தைய மூன்று மாதங்கள் அப்படித்தான் கழிந்தன.

செப்டம்பர் 19-ந் தேதி ஆட்டம் வெளிவந்தது. வெளிநாடுகளில் சிலர் அந்த நாளைக் கடற்கொள்ளைக்காரர் போலப் பேசும் நாளாக வேடிக்கையாகக் கொண்டாடுவது வழக்கம். ஆடிப் பார்த்த பலர் படத்தைப் பற்றிய சண்டையை மறந்தே போனார்கள். சிக்கிக்கொள்வோருக்கு இந்த முறை போன் வேண்டாம். துப்புப் புத்தகம் ஒன்று கைப்ரஷின் பையிலேயே இருக்கிறது. வேண்டுகிற அளவுக்கு மட்டும் ஒவ்வொரு வரியாகச் சொல்லும். குரங்கு ஸ்பானர் காலத்துக்கு அது ஒரு பிராயச்சித்தம் போலும்.

ரகசியம் என்ன?

ஆடிப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

புதிய கதை, 1991-ல் நின்ற அதே பூங்காவில் அதே இரண்டு பையன்களோடு தொடங்குகிறது. ஆனால் அவர்கள் கைப்ரஷும் லெசக்கும் அல்ல. ஒருவன் கைப்ரஷின் மகன். அப்பா சொன்ன பழைய கதையை நண்பனோடு சேர்த்து வைத்து ஆடிக்கொண்டிருக்கிறான்! அப்பா கைப்ரஷ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தான் கடைசியில் ரகசியத்தைக் கண்டுபிடித்த கதையை மகனுக்குச் சொல்கிறார். நாம் ஆடுவது அந்தக் கதையைத்தான். அப்பா சொல்லும் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சேர்க்கை என்று மகனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கடல் தாண்டி, பனி தாண்டி, பூட்டுகள் தாண்டி, கைப்ரஷ் கடைசிக் கதவைத் திறக்கிறான். உள்ளே முதல் பாகத்தில் நடந்து திரிந்த அதே தீவின் தெரு. ஆனால் மனிதர்கள் அசையும் பொம்மைகள். நிலா ஒரு விளக்கு. எல்லாம் பூங்காவின் செட்டு. ரகசியம் இருக்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பனியன். ரகசியத்தைக் கண்டுபிடித்ததற்கு இந்த அசட்டுப் பனியன்தான் கிடைத்தது என்று அதில் எழுதியிருக்கிறது!

ஏமாற்று வேலை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திறக்காமல் விடலாம். வந்த கதவு வழியே திரும்பி, கொள்ளைக்காரர் உலகத்துக்கே போய்விடலாம். எதைச் செய்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். "அப்படியானால் ரகசியம் என்ன?" என்று மகன் கேட்கும்போதும், என்ன சொல்வது என்பதை ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளலாம்.

அந்தப் பொம்மைத் தெருவில் ஸ்டான் நிற்கிறார். எல்லாப் பாகத்திலும் பழைய கப்பலோ சவப்பெட்டியோ எதையாவது விற்றுக்கொண்டே இருந்த, கைகளை வீசி வீசிப் பேசும் அதே வியாபாரி. நேரமாகிவிட்டது, கடையை மூட வேண்டும் என்கிறார். சாவிக்கொத்தைக் கைப்ரஷிடம் கொடுத்து, போகும்போது பூட்டிவிட்டுப் போகச் சொல்கிறார்.

மகன் விளையாட ஓடிவிடுகிறான். எலைன் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். கைப்ரஷ் மட்டும் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறார். திரை மெதுவாக இருண்டுவிடுகிறது.